கேட்பதிலும் ஒரு முறை உண்டு

சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுற்ற ஒரு சகோதரர். அவருடைய வீட்டார் நம் சங்கத்தை நாடி, "ஜும்ஆவுக்குப் பின் அறிவித்து, ஒரு சிறுநீரகம் தர முன்வருவோரைக் கேளுங்கள்" என்கின்றனர். நாம் என்ன செய்வது?

இறந்தோர் உறுப்பைப் பற்றிய ஐயம் சிங்கப்பூரில் முன்பே தீர்ந்தது. இஸ்லாமிய சமய மன்றம் 2007-ல் ஃபத்வா வழங்கிற்று. 1987-ல் இயற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 2008 ஆகஸ்ட் முதல் முஸ்லிம்களையும் உட்கொண்டது. ஆனால் உயிரோடிருப்பவர் உடலைக் கீறித் தருவது வேறு. 1954-ல் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர் ஒருவர் மற்றவருக்குச் சிறுநீரகம் தந்தார். அச்சிகிச்சை வெற்றி கண்டது. அன்று முதல் இன்று வரை, தருபவருக்கு அச்சிகிச்சையால் நோய் தீர்வதில்லை. அவர் ஏற்பது ஆபத்து மட்டுமே.

பகிரங்கமாகக் கேட்பது வரிசையில் காத்திருக்கும் ஏழையை முந்துவதாகும் என்பர் சிலர். இதை நாம் முழுதும் ஏற்கோம். இன்னாருக்கென்றே ஒருவர் தரும் சிறுநீரகம் பொது வரிசைக்கு வந்திருக்கக் கூடியதன்று. ஒருவர் வரிசையினின்று விலகுவதால் பின்னிற்போருக்கு இடமும் நெருங்குகிறது. எனினும் பேசத் தெரிந்தோர், செல்வாக்குள்ளோர் ஆகியோரின் குரலே கேட்கப்படுகிறது என்பது மெய்.

நாம் அஞ்சுவது வேறொன்று. நோயாளி முதலாளியாகவும், கேட்டு நிற்பவர் அவரது கடைச் சிப்பந்தியாகவும் இருந்தால்? கடன்பட்டவர், "மனமுவந்தே தருகிறேன்" என்றால்? ஊரார் முன் கேட்ட கேள்விக்கு "இல்லை" என்பது எளிதா? ஒருவர் துன்பம் நீங்க மற்றொருவரைத் துன்பத்தில் தள்ளலாகாது என்பது நம் மார்க்க அறிஞர்கள் வகுத்த நெறியன்றோ?

சட்டமும் இதையே கவனிக்கிறது. உயிருள்ளோர் தானத்துக்கு மருத்துவமனையின் அறநெறிக் குழு சம்மதிக்க வேண்டும். வற்புறுத்தலோ விலையோ இல்லையென அக்குழு அறிந்துகொள்ள வேண்டும். உறுப்பு வாணிபத் தரகருக்கு 2009-ல் தண்டனை, 100,000 வெள்ளி வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை என உயர்ந்தது. ஆயினும் நாணத்தால் வரும் நிர்ப்பந்தம் குழுவின் கண்ணுக்கு எளிதில் படாது. அதைத் தடுப்பது நம் கடமை.

ஆதலின் எம் கருத்து இது: கேட்பது குற்றமன்று, உயிர்காக்க உதவி தேடுவது மானக்கேடும் அன்று. ஆனால் தேவையை மட்டும் அறிவிப்போம். எவரையும் பெயர் சுட்டோம், கை உயர்த்தச் சொல்லோம். முன்வருபவர் வீட்டாரிடமன்று, மருத்துவமனையிடமே நேரில் பேசட்டும். இடையில் மனம் மாறுபவரின் இரகசியம் அங்கேயே காக்கப்படட்டும். தருவது பெருந்தருமம், தராதிருப்பது பாவமன்று என்பதையும் அதே அறிவிப்பில் சொல்வோம். கேட்க நாதியற்ற நோயாளிகளுக்கும் சேர்த்தே கேட்போம்.

"இல்லை" என்று சொல்லும் உரிமை இருக்கும் இடத்தில்தான் "தருகிறேன்" என்ற சொல் தானமாகும். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அருள்வானாக, ஆமீன்.