ரசீதில் உள்ள பெயரும் செலுத்திய கையும்

வாடகை வருமானம் உடைய இல்லறத்தார், ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கை எழுதும்போது ஒரு சிறு கட்டத்தை நிரப்ப வேண்டியுள்ளது. உள்ளாட்சிக்குச் செலுத்திய வரி எவ்வளவு என்று அது வினவுகிறது. அதில் எழுதும் தொகை வாடகையிலிருந்து கழிக்கப்படும். ஓர் எண்ணை எழுதுவதில் அறத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். எங்களுக்கும் பல ஆண்டுகள் அவ்வாறே தோன்றியது.

முதலில் சட்டம் கூறுவதை அறிந்து கொள்வோம். வாடகைக்கு விட்ட வீட்டின் மீது மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ விதிக்கும் வரிகளை, உரிமையாளர் மொத்த வாடகையிலிருந்து கழித்துக் கொள்ளலாம். வீட்டு வரியும், அதனோடு அவ்வமைப்பு விதிக்கும் குடிநீர் வரி, வடிகால் வரி போன்றவையும் இதில் அடங்கும். ஆயின், அவ்வரியை உரிமையாளரே செலுத்தியிருக்க வேண்டும். அந்த ஆண்டுக்குள் உண்மையாகவே செலுத்தியிருக்க வேண்டும். கேட்பு வந்தும் கட்டாத வரிக்குக் கழிவு இல்லை. மூன்றாண்டு நிலுவையை ஒரே ஆண்டில் கட்டினால், மூன்றாண்டுத் தொகையையும் அவ்வாண்டிலேயே கழிக்கலாம். இவ்வாறு கழித்து எஞ்சியதில் 30 விழுக்காடு, எந்த ரசீதும் கேட்கப்படாமல், மேலும் கழிக்கப்படுகிறது. வீட்டுக்காக வாங்கிய கடனின் வட்டிக்குத் தனி விதி உண்டு.

மற்றைய வரிகளைப் பொறுத்தவரை நம்மவர் பலர் பழைய நினைவிலேயே இருக்கின்றனர். மாநில அரசின் நிலவரி, காப்பீட்டுத் தொகை, வாடகை வசூலிக்கும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கழிக்க ஒரு காலத்தில் இடமிருந்தது. 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அவற்றையெல்லாம் நீக்கிவிட்டது. வருமான வரியும், வீடு வாங்கியபோது கட்டிய முத்திரைத் தீர்வையும் வாடகைக் கணக்கில் கழிவாகா. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உள்ளாட்சி வரிக் கழிவும் 30 விழுக்காடும் தொடர்கின்றன.

இனி எங்கள் கதைக்கு வருவோம். திண்டிவனத்தில் எங்கள் தந்தையார் கட்டிய வீடு ஒன்று வாடகையில் உள்ளது. வாடகை மாதம் 8,000 ரூபாய். வீட்டு வரியைக் குடியிருப்பவரே கட்ட வேண்டும் என்பது வாய்மொழி ஏற்பாடு. அவர் அரையாண்டுக்கு ஒருமுறை நகராட்சியில் பணம் கட்டி, ரசீதை எங்களிடம் ஒப்படைப்பார். ரசீது யார் கட்டினாலும் உரிமையாளர் பெயரிலேதான் வரும். நாங்கள் அதைக் கணக்கரிடம் கொடுப்போம். அவர் கட்டத்தை நிரப்புவார். பத்தாண்டுகள் இவ்வாறு நடந்தது. இதில் பொய்யுரைத்தவர் எவருமில்லை என்பதுதான் வியப்பு.

2025ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் ரசீதை நீட்டி, “ஐயா, உங்கள் கணக்குக்கு இது வேண்டுமே என்று கையோடு கொண்டு வந்தேன்” என்றார். தம் பணத்தைக் கட்டிவிட்டு, நம் கணக்குக்காகக் கவலைப்பட்ட அந்தச் சொல் எங்களைச் சுட்டது.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தோம். ஆண்டு வாடகை 96,000 ரூபாய். வரி 6,000 ரூபாயைக் கழித்தால் 90,000. அதில் 30 விழுக்காடு போக 63,000. வரியைக் கழிக்காவிடில், 96,000 ரூபாயில் 30 விழுக்காடு போக 67,200. வேறுபாடு 4,200 ரூபாய். 20 விழுக்காட்டுப் படியில் வரி கட்டுபவருக்கு, மேல்வரியும் சேர்த்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 870 ரூபாய் மிச்சம். இவ்வளவு சிறு தொகைக்கு எவரும் தெரிந்தே நெறி தவறமாட்டார். தெரியாமல் தவறுவதற்கோ இத்தொகையே போதுமாயிருக்கிறது.

கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்பது நம் ஆசாரியர்கள் வகுத்த இலக்கணம். கள்ளாமை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள், கள்ள அளவைகளைக் கையாளுதலோடு ஒன்றாக, அரச ஆணைக்கு மாறாக நடத்தலையும் தத்துவார்த்த சூத்திரம் வைத்துள்ளது. இந்த இலக்கணத்தைக் கொண்டு பார்த்தால் ஐயம் பெரும்பாலும் தெளிகிறது. கழிவு என்பது அரசு நமக்கு விட்டுக்கொடுப்பது. நாம் சுமந்த வரிக்கு அது கொடுக்கப்பட்டுள்ளது. பிறர் சுமந்த வரிக்குக் கொடுக்கப்படவில்லை. கடை வாடகையில் ‘வரி தனி’ என்று பேசிக்கொண்டு, வரிப் பணத்தை வாடகைதாரரிடம் வாங்கிக் கட்டுவோரும் இதை எண்ணிப் பார்க்கலாம். வாங்கிய தொகையை வரவில் காட்டாமல், கட்டிய தொகையை மட்டும் கழிவில் காட்டுவது எவ்வகையில் சேரும்?

ஆனால் 30 விழுக்காட்டின் நிலை வேறு. ஓட்டை மாற்றினும் மாற்றாவிடினும் அது கிடைக்கும். பழுதுபார்க்காதவன் அதை எடுப்பதும் களவுதானே என்று எங்கள் தம்பி கேட்டார். அன்று என்றே கருதுகிறோம். செலவைப் பொருட்படுத்தாமலே அதை அரசு தந்துள்ளது. ஆயின் மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் ஒரு குடும்பத்தை இருத்திவிட்டு, பராமரிப்பின் பெயரால் வந்த சலுகையை முழுதும் நுகர்பவர் களவுக் குற்றத்துக்குத் தப்பினாலும், கருணையின் முன் என்ன விடை சொல்வார் என்பது தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டின் ஓடுகளும் அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னர்ச் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வாடகையை 8,500 ரூபாயாக்கி, வரியை நாங்களே கட்டுவதென எழுத்தில் கொண்டோம். அவருக்கு இதில் கூடுதல் சுமை இல்லை. சென்ற ஆண்டுகளின் கணக்கைத் தாமாகவே திருத்தி, மிகை வரியுடன் செலுத்த 2022 முதல் வழி உள்ளது. அதன் காலவரம்பு 2025இல் 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. மிகை வரி, காலத்தைப் பொறுத்து, 25 முதல் 70 விழுக்காடு வரை ஏறுகிறது. அவ்வழியே நான்கு ஆண்டுகளைத் திருத்தினோம். கணக்கர் சிரித்தார், அவருக்குக் கிடைத்த ஊதியம் நாங்கள் செலுத்திய வரியினும் அதிகம்.

எஞ்சியவை காலவரம்பைக் கடந்த ஆறு ஆண்டுகள். தொகை ஏறத்தாழ 3,500 ரூபாய். அதை ஆகார தானத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார் எங்கள் தமக்கையார். கொடாததைக் கொண்ட பொருளைத் தானம் எனக் கொடுத்துப் புண்ணியமும் தேடுவதா என்று எங்களுக்குத் தயக்கம். உண்மையில் வரியைச் சுமந்தவர் குடியிருப்பவரே, ஆதலால் அவருக்கே தருக என்றார் தம்பி. ஆனால் அவர் இழந்தது ஒன்றுமில்லை. இழந்தது அரசின் கருவூலம். ஓடு மாற்றலாம் என்று ஒருவர் சொன்னபோது, அது நம் வீட்டுக்கு நாமே செய்துகொள்வது என்று அனைவரும் மறுத்தோம். ஓடுகளை வேறு பணத்தில் மாற்றினோம்.

அந்த 3,500 ரூபாய் வீட்டுப் பத்திரங்களோடு ஓர் உறையில் இருக்கிறது. அதை எங்குச் சேர்ப்பது தகும் என்று வாசக அன்பர்கள், குறிப்பாக விரதம் ஏற்ற பெரியோர்கள், எழுதினால் நன்றியுடையோம்.