வேலி வியூ

கொடைக்கானலில் ரூம் தேடினால் ஒரே ஓட்டலில் இரண்டு விலை காட்டும். கட்டில் ஒரே மாதிரிதான், ஹீட்டரும் அப்படித்தான், காலையில் வரும் பூரி மசாலாவிலும் வித்தியாசம் இருக்காது. ஒரு ஜன்னல் கார் நிறுத்தும் இடத்தைப் பார்க்கும், இன்னொன்று பள்ளத்தாக்கைப் பார்க்கும். இரண்டாவதன் பெயர் 'வேலி வியூ'. தமிழில் எழுதினால் வேலியைப் பார்க்கும் அறை என்றாகிவிடுகிறது. வேடிக்கைதான். ஆனால் அந்தக் கூடுதல் பணம் எதற்காக என்று யோசித்தால் வேடிக்கை கொஞ்சம் குறைகிறது. பள்ளத்தாக்கு ஓட்டல்காரருடையது இல்லை. காடு வனத்துறையுடையது, சரிவில் தெரியும் தோட்டம் யாரோ ஒருவருடையது, மேகத்துக்கு இன்னும் பட்டா போடவில்லை. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர் விற்கிறார், நாமும் பேரம் பேசி வாங்குகிறோம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பார்ப்பதால் பள்ளத்தாக்கு தேய்ந்துவிடாது. தேய்வது நின்று பார்க்கும் இடம். 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை போட்டார். கோக்கர்ஸ் வாக் என்று இன்றும் எல்லோரும் போகும் பாதை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அங்கே ஒருவர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தால் அடுத்தவருக்கு அதே இடமும் அதே காட்சியும் கிடைக்கும். (பனிமூட்டம் இருந்தால் எல்லோருக்கும் சமமாக வெள்ளை மட்டும்.) அதே விளிம்பில் ஏழு மாடி எழுப்பினால் கணக்கு மாறுகிறது. உள்ளே இருப்பவருக்குப் பள்ளத்தாக்கு தெரியும், வெளியே இருப்பவருக்கு அந்தக் கட்டடம் தெரியும்.

'இயற்கையைத் தொடாதே' என்ற வாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. கொடைக்கானலில் அது நிற்காது. ஏரியே 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கியது. நாம் போட்டோ எடுத்துத் தள்ளும் பைன் காடு நட்டு வளர்த்த காடு. யூகலிப்டஸும் வாட்டிலும் புல்வெளி மேல் கொண்டுவந்து வைத்தவை. அதனால் என் கேள்வி தூய்மை பற்றியது இல்லை. செயற்கை ஏரியாகவே இருக்கட்டும், அதைச் சுற்றியிருக்கும் சாலையில் யாரும் நடக்கலாம்.

ஏழு மாடி என்று சும்மா சொல்லவில்லை. பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு இருபதுகளில் இருக்கும் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தர்மபுரி பஸ் எரிப்பு என்ற பெயரில்தான் தெரியும். இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிய ஓட்டல் ஏழு தளமாக வளர்ந்தது. மலைப்பகுதிக் கட்டட விதிகளிலிருந்து அரசு அதற்கு விலக்கு கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் நீதிமன்றம் போனது. 1995-இல் உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்ய, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விலக்கு கொடுத்தது தொடர்பான ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைக்கே நடந்த கலவரத்தில் தர்மபுரி அருகே இலக்கியம்பட்டியில் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். கல்விச் சுற்றுலா போய்க்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே எரிந்து இறந்தார்கள். 2001 டிசம்பரில் ஜெயலலிதாவை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஐந்து மாடி ஜன்னல்களிலிருந்து அந்த பஸ்ஸுக்கு நேர்க்கோடு போட முடியாது. நடுவில் மனிதர்கள் இருந்தார்கள், தீ வைத்தது அவர்கள், பொறுப்பும் அவர்களுடையது. ஆனால் அந்த வழக்கின் தொடக்கத்தில் இருந்தது இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து பார்க்கலாம் என்ற ஆசை. அவ்வளவு சாதாரணமான ஆசை. அது என்னிடமும் இருக்கிறது.

இப்போது கொடைக்கானல் பற்றிய பேச்செல்லாம் கூட்டம் பற்றித்தான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. முதல் வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது வெறும் லாகிங், யார் வருகிறார்கள் என்று எழுதி வைப்பது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பு வந்தது: வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. அரசு பஸ்ஸில் போகிறவருக்கு வரம்பு இல்லை, இது எனக்குப் பிடித்திருக்கிறது. சர்வர் தாங்காதபோது வரும் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்துவது எங்களுக்குப் பழக்கமான வைத்தியம்தான். ஆனால் அதைப் போட்டுவிட்டு, உள்ளே எது இவ்வளவு மெமரியைத் தின்கிறது என்று பார்க்காமல் விட்டால் சீனியர் திட்டுவார்.

நாலாயிரத்தில் ஒரு வண்டி என்னுடையது என்றால் என் பங்கு தப்பு எவ்வளவு? தத்துவத்தில் இதற்கு இரண்டு பிரபலமான பதில்கள் உண்டு. வால்டர் சின்னாட்-ஆம்ஸ்ட்ராங் 2005-இல் எழுதிய கட்டுரையில், வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை சும்மா ஜாலிக்காகப் பெட்ரோல் குடிக்கும் கார் ஓட்டுவதைப் பற்றிக் கேட்கிறார். அந்த ஒரு சவாரி பருவநிலையை மாற்றவில்லை, ஆகவே அது தவறு என்று காட்டுவது கஷ்டம், பொறுப்பு அரசுகளுடையது என்கிறார். டெரக் பார்ஃபிட் 1984-இலேயே வேறு மாதிரி யோசித்திருந்தார். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பட்டனை அழுத்துகிறார்கள். ஒவ்வொரு அழுத்தமும் ஆயிரம் கைதிகளின் வலியை உணரமுடியாத அளவுக்குக் கூட்டுகிறது. யாரும் தனியாக யாரையும் வதைக்கவில்லை, ஆனால் வதை நடக்கிறது. என் செயல் தனியாக என்ன செய்கிறது என்று மட்டும் கேட்காதே, நாம் சேர்ந்து என்ன செய்கிறோம் என்று கேள் என்பது அவர் பக்கம்.

எனக்கு பார்ஃபிட்தான் சரி என்று படுகிறது. ஆனாலும் கொடைக்கானல் விஷயத்தில் இரண்டு பேருமே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். காலையில் வத்தலக்குண்டு வழியாக வேனில் ஏறி, ரோட்டோரம் புளிசாதம் சாப்பிட்டு, ஏரியில் ஒரு ரவுண்டு படகு விட்டு, இருட்டுவதற்குள் இறங்கும் குடும்பம் இருக்கிறதே, அதன் சுமை அன்றோடு முடிகிறது (இலையையும் பாட்டிலையும் திருப்பி எடுத்துப் போனால்). ரூம் எடுப்பது அப்படி இல்லை. அது அடுத்த வருஷம் இன்னும் நாலு ரூம் கட்டலாம் என்று யாரோ ஒருவருக்கு நாம் அனுப்பும் தகவல். விதிமீறிய கட்டடங்களுக்கு சீல் வைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது பட்டியல் ஆயிரத்தைத் தாண்டியது. அவ்வளவும் தானாக முளைக்கவில்லை, யாரோ கேட்டார்கள், யாரோ கட்டினார்கள். ஆனால் திட்டு வாங்குவது எப்போதும் வேனில் வருகிறவர்கள்தான். 'கண்ட கண்ட கூட்டமெல்லாம் வந்து கெடுத்துடுச்சு' என்று பால்கனியில் நின்று சொல்வது சுலபம்.

இதைவிட நுட்பமான ஆள் ஒருவர் உண்டு. கூட்டத்தைப் பிடிக்காதவர், அதாவது நம்மைப் போன்ற இலக்கிய வாசகர். குணா குகை வேண்டாம், அங்கே 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மர வேரைப் பார்க்கவே நெரிசல் என்பார். அவருக்கு வட்டக்கானல் வேண்டும். அங்கேயும் கூட்டம் வந்ததும் பூம்பாறை, பிறகு மன்னவனூர், பிறகு கூக்கால். டென்ட், கேம்ப் ஃபயர், ட்ரெக்கிங், மண்சுவர் வீடு. கூட்டத்திலிருந்து தப்பிக்கிறவர் கூட்டம் அடுத்து வரும் வழியைப் போட்டுக்கொடுக்கிறார். சொந்தக்காரர்கள் பூண்டு போட்ட நிலத்தில் காட்டேஜ் எழும்பினால் அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பூண்டு விலையை நம்பி வாழ்ந்து பார்த்தால் தெரியும். ஜன்னல் கேட்டவர் அவர் இல்லை.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். குதிரைக்காரருக்கும், சோளம் சுடுகிற அம்மாவுக்கும், டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் நாம் வராமல் இருப்பது உதவி இல்லை. பஸ்ஸில் போகலாம், கோக்கர்ஸ் வாக்கில் கொஞ்சம் நின்று நகரலாம், ஏற்கெனவே இருக்கும் சாதாரண லாட்ஜில் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கும் ரூமில் தூங்கலாம். எத்தனை வண்டியை மலை தாங்கும் என்று ஆராய நீதிமன்றம் சென்னை ஐஐடியையும் பெங்களூர் ஐஐஎம்மையும் கேட்டிருக்கிறது. இ-பாஸ் வண்டிகளை எண்ணுகிறது. ஜன்னல்களை யார் எண்ணுவது என்று அவர்களிடம் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.