இயக்குபவன் யார்?

1903-ஆம் ஆண்டு அக்டோபரில், பெர்லினுக்குத் தெற்கே மரியன்ஃபெல்டேயிலிருந்து சோஸ்ஸன் செல்லும் ராணுவ ரயில் பாதையில், ஸீமன்ஸ், ஏ.இ.ஜி. ஆகிய இரு நிறுவனத்தாரின் மின்சார வண்டிகள் மணிக்கு 200 கிலோமீட்டரைக் கடந்து ஓடியபோது, காரண காரியத்தைப் பற்றிய ஒரு பழைய தத்துவ விசாரமும் புதிய உருவில் எழுந்து நின்றதாகவே எனக்குத் தோன்றுகிறது. நீராவி இஞ்சின் தன் நெருப்பையும் நீரையும் தானே சுமந்து சென்றது. அதன் சக்தி எங்கிருக்கிறதென்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இந்த வண்டியோ, பாதையோரக் கம்பங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துக் கட்டிய மூன்று கம்பிகளின் வழியே, தொலைவிலிருந்த மின் நிலையத்தின் சக்தியைக் கணந்தோறும் யாசித்துப் பெற்றே ஓடியது. கம்பியின் ஸ்பரிசம் அற்றால் அதன் மோட்டார்கள் வெறும் ஜடம்.

கண்ணுக்குப் புலப்படும் காரணங்களெல்லாம் நிமித்தங்களே, மெய்யான கர்த்தா ஈசுவரன் ஒருவனே என்று வாதித்த 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார் மாலபிராஞ்ஷுக்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைத்திராது. ஆயினும் அதுவே அவரை இக்கட்டில் ஆழ்த்தவும் கூடும். 1901-ஆம் ஆண்டுச் சோதனைகளில், சக்திக்குக் குறைவில்லாதிருந்தும், பாதை வேகத்தைத் தாங்காமல் நெளிந்தது. அதைப் பலப்படுத்திய பின்னரே 210 கிலோமீட்டர் கைகூடிற்று. அளிப்பவனின் பூரணத்துவத்தோடு ஏற்கும் இரும்பின் தகுதியும் வேண்டுமென்றால், அவ்விரும்பை வெறும் நிமித்தமென்று ஒதுக்க எனக்கு மனம் இசையவில்லை.