நோயுற்ற மீனைக் கொல்வது அறமா?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் சாதாரண பைட்டர் மீன் ஒன்றின் விலை, அதற்கு நோய் வந்தால் வாங்க வேண்டிய மருந்துப் புட்டியின் விலையைவிடப் பல நேரம் குறைவு. அதனால்தான் தொட்டியில் ஒரு மீன் சோர்ந்து கிடக்கும்போது, ‘இதற்கு வைத்தியம் வேறா, இன்னொன்று வாங்கினால் போயிற்று’ என்ற பேச்சு எளிதில் எழுகிறது. விலை, கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கணக்கு. மீன் படும் துன்பத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதரல்லாத எல்லா உயிர்களையும் விலங்கு என்றே கொள்கிறது. தொட்டி மீனும் அதில் அடக்கம்.

மீனுக்கு வலிக்குமா? 2003இல் பிரிட்டனில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரையைத் தொடவில்லை. மூளைப் புறணி இல்லாத உயிரால் வலியை உணர முடியாது என்று மறுக்கும் அறிவியலாளர்களும் உண்டு. வழக்கு முடியாதவரை சந்தேகத்தின் பலனை மீனுக்கே அளிப்பதுதான் முறை.

திருக்குறளில் அருளுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு, கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. தீராத நோயில் கிடக்கும் உயிரின் முன் இவ்விரண்டும் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றும். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியின்றித் துடித்தபோது, மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார் காந்தி. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. வேறு வழியே இல்லாதபோது, தன்னலம் கலவாமல், அந்த உயிரின் துன்பம் நீங்கவே செய்தால் அது அகிம்சையே என்பது அவர் வாதம். இந்த இரு நிபந்தனைகளும் தொட்டி மீனுக்கும் பொருந்தும்.

முதலில், வேறு வழி இல்லையா என்று பார்க்க வேண்டும். தொட்டி மீன்களின் நோய்களில் பெரும்பங்கு தண்ணீரில் தொடங்குகிறது. கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். அதை மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் மீன்களை நிறைத்தால் அவை மேற்பரப்பில் வாய்பிளந்து திணறும். அப்போது வேண்டியது பகுதி பகுதியாகத் தண்ணீர் மாற்றுவது. வெண்புள்ளி நோய் காலத்தில் மருந்திட்டால் பெரும்பாலும் தீரும். வயிறு உப்பிக் கவிழ்ந்து மிதக்கும் தங்கமீன், ஓரிரு நாள் தீனியை நிறுத்தியதும் நிமிர்வதுண்டு. நன்கு பேணினால் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய மீன் அது. இவற்றைக் கொல்வது அருள் ஆகாது. தொட்டியைச் சரிசெய்யும் வேலையைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.

உடல் வீங்கி, செதில்கள் அன்னாசிப் பழத்தோல்போல் விரிந்து நிற்கும் மீனின் நிலை வேறு. அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பிழைப்பவை மிகக் குறைவு. மீன்களுக்கு வரும் காசநோயும் அரிதாகவே குணமாகும். மற்ற மீன்களுக்கும், கையில் காயத்தோடு தொட்டிக்குள் துழாவும் மனிதருக்கும்கூட அது தொற்றும். தனித்தொட்டியில் வைத்து மருந்திட்டும் தேறாமல், தீனியைத் தொடாமல் கிடக்கும் மீனுக்கு வைத்தியத்தை நீட்டிப்பது யாருக்காக? பிரிய மனமில்லாத வளர்ப்பவருக்காகத்தான். சலிப்பால் கொல்வதில் இருக்கும் அதே தன்னலம், பற்றால் சாவை ஒத்திப்போடுவதிலும் இருக்கிறது.

முடிப்பதென்று தீர்மானித்தால் முறையும் முக்கியம். கழிப்பறையில் விட்டு நீரூற்றுவதும், தரையில் போட்டுத் துடிக்கவிடுவதும், ஃபிரீசரில் மெல்ல உறையவைப்பதும் கொடுமை. ஏரியில் விடுவது கருணைபோலத் தோன்றினாலும் நோயை அங்குள்ள மீன்களுக்குப் பரப்பக்கூடும். மயக்கமருந்தை மிகுதியாகக் கலந்த நீரில் அமிழ்த்துவதைக் கால்நடை மருத்துவம் ஏற்கிறது. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் அத்தகைய மருந்து. அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். செவுள் அசைவு நின்றதுமே வெளியே எடுத்துவிடக் கூடாது. மயங்கிய மீன் மீண்டும் மூச்செடுக்கக்கூடும்.

கண்ணாடிக்குள் அடைத்த நாள் முதல் மீனின் தண்ணீரும் தீனியும் நோயும் சாவும் வளர்ப்பவர் பொறுப்பு. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். பிறகு மருந்து கொடுங்கள். இரண்டும் பயனற்றுப் போனால் வலியின்றி முடித்துவையுங்கள். இந்த வரிசையைப் பின்பற்ற மனமில்லாதவர்கள் மீன் வாங்காமல் இருப்பதே அறம்.