விருந்தினரின் பாடசாலை: ஓர் அறவியல் நோக்கு

ஒரு பிள்ளையை எந்த நாட்டுக்காக வளர்ப்பது என்னும் வினாவைப் பெற்றோரிற் பெரும்பாலார் தம் வாழ்நாளில் எதிர்கொள்வதேயில்லை. பிறந்த ஊரிற் பிள்ளை படிக்கின்றது. படித்த மொழியிற் பிழைக்கின்றது. பெற்றோரின் தொழில் காரணமாகப் பிள்ளை பிறிதொரு நாட்டில் வளர நேரும்போதுதான், கல்வி யாருடைய உரிமை, அவ்வுரிமைக்கு எல்லை எது என்ற சிக்கல் வெளித்தோன்றுகின்றது. இதனை வெறுங் கருத்துநிலையில் ஆராய்வதிலும் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தை முன்வைத்து ஆராய்வது பயன்தரும். வெளிநாடுகளில் இயங்கும் ஜேர்மன் பாடசாலைகளை, அவற்றுள்ளும் துருக்கியில் உள்ளவற்றை, இக்கட்டுரை அவ்வாறு எடுத்துக்கொள்கின்றது. துருக்கியைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. ஜேர்மனியர் சிறு தொகையினர் துருக்கியில் வாழ்கின்றனர். துருக்கியைப் பூர்வீகமாகக் கொண்டோர் பல இலட்சம் பேர் ஜேர்மனியில் வாழ்கின்றனர். இரு திசையிலும் மக்கள் போய்வந்த நாடுகளைக் கொண்டால், ஒரு நியாயத்தை மறுபுறம் திருப்பிப் பார்ப்பது இலகுவாகும்.

எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 140 பாடசாலைகளுக்கு ஜேர்மன் அரசு ஆதரவளிக்கின்றது. இதற்கென 1968இல் ஒரு மத்திய அலுவலகம் நிறுவப்பட்டது. அதுவே ஆசிரியர்களைத் தெரிந்து அனுப்புகின்றது; பாடவிதானத்தையும் பரீட்சையையும் மேற்பார்வை செய்கின்றது. பாடவிதானம் ஜேர்மன் மாநிலங்களுள் ஏதேனும் ஒன்றினுடையதாக இருக்கும். இப்பாடசாலைகளுட் பலவற்றிற் படிப்போரிற் பெரும்பாலார் அவ்வந் நாட்டுப் பிள்ளைகளே. வேறு சில, தூதரக அலுவலர், நிறுவனப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென்றே அமைந்தவை. இஸ்தான்புல்லில் 1868இல் ஜேர்மன், சுவிற்சர்லாந்துக் குடியிருப்பாளர் தொடங்கிய பாடசாலை இன்று முதல்வகையைச் சார்ந்தது. அங்காராவிலுள்ள தூதரகப் பாடசாலை இரண்டாம் வகையினின்று தோன்றியது. எமது வினாவுக்குரியது இந்த இரண்டாம் வகையே.

ஸ்ருட்காட் நகரிலிருந்து மூன்றாண்டுப் பணிக்கு அங்காரா செல்லும் ஒரு பொறியியலாளரை எண்ணிப் பார்ப்போம். அவரது மகளுக்கு ஒன்பது வயது. பன்னிரண்டு வயதில் அவள் ஸ்ருட்காட்டுக்கு மீள்வாள். இடையில் ஓராண்டேனும் வீணாகாது, விட்ட இடத்திலிருந்து அவள் தொடரவேண்டும். இதற்காகவே அங்காராவின் நடுவில் ஜேர்மன் பாடநூல், ஜேர்மன் புள்ளியிடல் முறை, ஜேர்மன் ஆசிரியர். இது செல்வச் செருக்கினாற் கேட்கும் கேள்வியன்று. மொழியிற் பின்தங்கிய பிள்ளை வகுப்பின் கடைசி வாங்கில் மௌனமாக இருப்பதை எவரும் கண்டிருப்பர். தந்தையின் தொழிலுக்காக மகள் ஏன் அம்மௌனத்தைச் சுமக்கவேண்டும்?

எனினும் இதற்கு மறுதலையான கருத்தும் ஜேர்மன் சிந்தனையிலிருந்தே கிடைக்கின்றது. பிரஷ்யாவின் கல்வியமைப்பைச் சீரமைத்த வில்ஹெல்ம் வொன் ஹம்போல்ற், ஒவ்வொரு மொழியும் தன்னைப் பேசும் மக்களைச் சுற்றி ஒரு வட்டம் இடுகின்றது என்றும், இன்னொரு மொழியின் வட்டத்துட் புகுவதனாலேயே அதனின்று வெளியேற முடியும் என்றும் கருதினார். அவரே 1802 முதல் 1808 வரை பிரஷ்யத் தூதராக றோமாபுரியிற் குடும்பத்துடன் வாழ்ந்தவர். அவர் கருத்தின்படி நோக்கினால், வெளிநாடு செல்லும் பிள்ளைக்குக் கிடைப்பது கிடைத்தற்கரிய வாய்ப்பு. அங்காராவிலிருக்கும் பாடசாலை அவ்வட்டத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் அவளைச் சுற்றி இடுகின்றது. அவளுக்குத் துருக்கிய மொழியில் கடைக்காரரோடு பேசவும் வாடகைக் காருக்கு வழிசொல்லவும் தெரியும். அவ்வயதிற் பெறத்தக்க நட்பு அம்மொழியில் வாய்த்திராது. ஆயின் இது இழப்பு மட்டுமே. பெற்றோர் தம் பிள்ளைக்கு ஓர் இழப்பைத் தெரிந்தே ஏற்பதில் அநீதி எதுவும் இல்லை. அநீதி பற்றிய வினா பிறிதோரிடத்தில் எழுகின்றது.

ஒரு செயலின் விதியை எல்லார்க்கும் பொதுவான விதியாக நாம் விரும்ப இயலுமா என்று கேட்பதே கான்ற் தந்த உரைகல். பொறியியலாளரின் விதியை இவ்வாறு கூறலாம்: அந்நிய நாட்டில் வாழ்வோர் தம் நாட்டுக் கல்வியைத் தம் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலையில் அளிக்கலாம். இதனை ஜேர்மனி தனது மண்ணில் ஏற்கின்றதா? பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் உரிமையைக் கோரிய சமயப்பற்று மிக்க பெற்றோரின் வழக்கில், ஜேர்மன் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2003இல் ஒரு தீர்மானம் வழங்கியது. சமயத்தாலோ உலகநோக்காலோ பிரிந்து நிற்கும் சமாந்தர சமூகங்கள் தோன்றுவதைத் தடுப்பதிற் பொதுநலன் உண்டு; சிறுபான்மையினர் தம்மைத் தாமே அடைத்துக்கொள்ளலாகாது, பெரும்பான்மையினரும் அவர்களை ஒதுக்கலாகாது என்பது அதன் சாரம். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2006இல் இந்நிலைப்பாட்டை ஏற்றது. பொதுப் பாடசாலையின் வாங்கு ஒருவரையொருவர் சகிக்கப் பழகும் இடம் என்ற கொள்கை மறுத்தற்கரியது. ஆனால் அக்கொள்கை அங்காரா விமான நிலையத்தில் இறங்கியதும் ஏன் வலுவிழக்கின்றது?

இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 2018 யூன் மாதத்தில் அங்காராப் பாடசாலையின் இஸ்மீர்க் கிளையைத் துருக்கிய அதிகாரிகள் சட்ட அடிப்படை இல்லையெனக் கூறி மூடினர். பின்னர் நிகழ்ந்த பேச்சுவார்த்தைகளிற் துருக்கி தன் கோரிக்கையை வைத்தது. துருக்கியில் ஜேர்மன் பாடசாலைகள் மூன்று உண்டு. எனவே பேர்லின், கொலோன், பிராங்போட் ஆகிய நகரங்களில் துருக்கியப் பாடசாலைகள் மூன்று வேண்டும் என்பதே அது. 2020 சனவரியில் இது வெளிவந்தபோது ஜேர்மன் அரசியல்வாதிகள் பலர் கடுமையாக எதிர்த்தனர். கான்ற் பிறந்த நாட்டில் அவரது உரைகல்லை நினைவூட்டுமாறு துருக்கிய அரசு நேர்ந்தது ஒரு விந்தையே.

எதிர்த்தோரின் வாதங்கள் இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. முதலாவது காலம் பற்றியது. பொறியியலாளர் திரும்பிச் செல்வார். கொலோனில் உள்ள துருக்கியக் குடும்பம் திரும்பாது. விருந்தினருக்கு ஒரு நீதி, குடிவந்தோருக்கு ஒரு நீதி என்பதிற் தவறில்லை. கான்ற் தாமும் 1795இல் வெளிவந்த நிரந்தர அமைதி பற்றிய நூலில் வருகை தரும் உரிமையையும் தங்கும் உரிமையையும் வேறுபடுத்தினார்: முன்னையது மனிதர் யாவர்க்கும் உரியது, பின்னையதற்குத் தனி உடன்பாடு வேண்டும்.

ஆனால் திரும்புவோர் யார், திரும்பாதோர் யார் என்பதைப் பாடசாலையிற் சேரும் நாளில் அறிவது எங்ஙனம்? 1961 ஒக்ரோபரில் ஜேர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தபோது, வந்தவர்கள் 'விருந்தாளித் தொழிலாளர்' எனவே அழைக்கப்பட்டனர். ஈராண்டுகளுக்குமேல் ஒருவரும் தங்கலாகாது என்பது தொடக்க விதி. பயிற்றிய தொழிலாளரை இழக்க ஆலை முதலாளிகள் விரும்பாமையால் அது 1964இற் கைவிடப்பட்டது. 1973இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பின்னர் மனைவியரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். அக்காலத்திற் பவேரியா மாநிலம் செய்தது இங்கு கருதத்தக்கது. துருக்கியப் பிள்ளைகள் திரும்பிச் செல்லவேண்டியவர்கள் என்று கொண்டு, அவர்களுக்குத் தாய்மொழி வகுப்புக்களைத் தனியாக நடத்தியது. அஃதாவது அங்காராவின் ஜேர்மன் பாடசாலையிலுள்ள அதே தத்துவம் மியூனிச்சிலும் செயற்பட்டது. வேறுபாடு ஒன்றே. அங்காராவில் அது பிள்ளைக்கு ஜேர்மன் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது; மியூனிச்சில் அதே கதவைச் சாத்தியது. 1983இல், திரும்பிச் செல்ல இசையும் வேலையற்ற தொழிலாளருக்கு 10,500 மார்க் வழங்கும் சட்டம் வந்தது. பெற்றோருடன் துருக்கிக்கு மீண்ட பிள்ளைகளுட் பலர் அங்குள்ள வகுப்புக்களைப் பின்தொடர இயலாது தவித்தனர். அவர்களுக்கென ஜேர்மன் மொழியிற் கற்பிக்கும் பாடசாலைகளைத் துருக்கி ஏற்படுத்தவேண்டியதாயிற்று. தாயகம் மீண்ட பிள்ளைகளுக்கு அந்நிய மொழிப் பாடசாலை! 'திரும்புதல்' என்னும் சொல் பெற்றோரின் நினைவைப் பற்றியது. பிள்ளையைப் பொறுத்தவரை அது முதல்முறையாகச் செல்லுதலே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

இரண்டாவது வாதம் உள்ளடக்கம் பற்றியது. துருக்கிய அரசின் அரசியல் அப்பாடநூல்கள் வழியாக ஜேர்மனியில் வாழும் பிள்ளைகளிடம் புகும் என்று அஞ்சினர். துருக்கி 2017இல் உயர்நிலைப் பாடவிதானத்திலிருந்து கூர்ப்புக் கொள்கையை நீக்கியதை எண்ணும்போது இவ்வச்சம் ஆதாரமற்றது எனக் கூறமுடியாது. ஆனால் இவ்வாதத்தை ஏற்போர், ஒரு நாட்டின் பாடவிதானம் பிள்ளையைத் தொடர்ந்து வெளிநாடு செல்வது நல்லதோ தீயதோ என்பது அந்நாட்டின் ஆட்சியைப் பொறுத்தது என்பதையும் ஏற்றாகவேண்டும். அவ்வகையிற் கடுமையான படிப்பினையைப் பெற்றவை ஜேர்மன் பாடசாலைகளே.

1933க்குப் பின்னர் வெளிநாட்டு ஜேர்மன் பாடசாலைகள் பெரும்பாலும் ஹிட்லரின் ஆட்சிக்கு இசைவாக்கப்பட்டன. ஆர்ஜென்ரீனாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில், ஜேர்மன் மொழிப் பத்திரிகையொன்றை நடத்திவந்த ஏர்னெஸ்ரோ அலெமான் இதற்கு எதிராக 1934இல் பெஸ்ரலோற்சியின் பெயரால் வேறொரு பாடசாலையைத் தொடங்கினார். நாசிகளிடமிருந்து தப்பிய குடும்பங்களின் பிள்ளைகள் ஜேர்மன் மொழியை இழக்காமலும் அம்மொழியில் நஞ்சு உண்ணாமலும் அங்கு படித்தனர். அங்காராவிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. சித்திரவதை முகாமில் அடைக்கப்பட்டு மீண்ட ஏர்ன்ஸ்ற் றொய்ற்றர் 1935இல் அங்காராவை அடைந்து நகரத் திட்டமிடல் கற்பித்தார். அவரது மகன் எட்சார்ட்டுக்கு அப்போது ஏழு வயது. ஹிட்லரின் அரசு சார்ந்த பள்ளிக்கு மகனை அனுப்ப அக்குடும்பம் எவ்வாறு இசையும்? அவர் தனிப்பட்ட ஓர் ஆசிரியையிடம் ஜேர்மன் முறையிற் பாடம் கற்றார். 1946இல் அக்குடும்பம் நாடு திரும்பியது. தந்தை பேர்லின் நகர முதல்வரானார். மகன் பிற்காலத்தில் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். அவர்களும் 'திரும்பும்' நினைவிலேயே மகனை வளர்த்தனர். எனினும் அவர்கள் பேண விரும்பிய ஜேர்மனி அவ்வேளையில் உலகப் படத்தில் எங்கும் இருக்கவில்லை.

பெற்றோர் வீட்டை எண்ணிக் கல்வி புகட்டுகின்றனர், ஆள்வோர் அரசை எண்ணிப் புகட்டுகின்றனர், இருவருமே மனித குலத்தின் நன்மையை முடிந்த நோக்கமாகக் கொள்வதில்லை என்று கான்ற் கல்வி பற்றிய விரிவுரைகளிற் குறைபட்டார். வெளிநாட்டுப் பாடசாலையில் வீடும் அரசும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கின்றன. எனது கருத்தில், பொறியியலாளர் கோரும் உரிமையில் வீட்டுக்குரிய பகுதி வலியது. அரசுக்குரிய பகுதி மெலியது. மொழியைப் பேணுதல், பிள்ளையின் படிப்புத் தடையுறாது காத்தல் ஆகியவை றொய்ற்றர் குடும்பத்துக்கும் உரியவை, கொலோனில் வாழும் துருக்கியருக்கும் உரியவை. தூதரகத்தின் பலத்தினால் அவ்வுரிமை கூடுவதுமில்லை, தூதரகம் அற்றவர்க்குக் குறைவதுமில்லை.

பணம் பற்றியும் ஒரு சொல். தனியார் பாடசாலைகள் பெற்றோரின் செல்வநிலைப்படி மாணவர் பிரிவுறுவதை ஊக்குவிக்கலாகாது என்று 1949இன் ஜேர்மன் அடிப்படைச் சட்டம் ஏழாம் பிரிவில் விதிக்கின்றது. கடல்கடந்த பாடசாலைகள் பெரும்பாலும் கட்டணத்தில் இயங்குகின்றன. அக்கட்டணத்தைப் பெரும்பாலும் தந்தையின் நிறுவனமே செலுத்துகின்றது. நிறுவனம் இல்லாதவன் செய்வது யாது என்று அங்கு கேட்பாரில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதே மருந்து என்பர் சிலர். இஸ்தான்புல் பாடசாலை அவ்வாறு திறந்ததே. ஆயின் கடும் போட்டிப் பரீட்சையிற் தேறிய துருக்கியப் பிள்ளைகளே அங்கு சேர்கின்றனர். அவர்களுட் பலர் ஜேர்மன் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றுவிடுகின்றனர். அங்காராவில் வெளியிலிருந்து வந்த பிள்ளைகளைச் சுற்றி மதில். இஸ்தான்புல்லில் வெளியே செல்லும் பிள்ளைகளுக்கு வாயில். இரண்டாவது மேலானது என்று துணிந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1983க்குப் பின்னர் ஜேர்மனியைச் சென்றடைந்த எம்மவர் நிலையையும் இங்கு எண்ணாதிருக்க இயலாது. அவர்களுட் பலர் நெடுங்காலம் தற்காலிக அனுமதியுடனேயே அங்கு இருந்தனர். சட்டமும் அவர்களை நிலையற்றோர் என்றது; அவர்தம் மனமும் நாளை ஊருக்குப் போவோம் என்றது. ஆயினும் தனிப் பாடசாலை எதனையும் அவர்கள் கேட்கவில்லை. கிழமை நாட்களிற் பிள்ளைகள் ஜேர்மன் பாடசாலையில் மற்றைப் பிள்ளைகளோடு இருந்தனர். வார இறுதியில், இரவல் வகுப்பறைகளில், பெற்றோரே ஆசிரியராகி அரிச்சுவடி கற்பித்தனர். ஊர்திரும்பும் நினைவில் தொடங்கிய அவ்வகுப்புக்களிற் படித்தவருட் பெரும்பாலார் ஊர்திரும்பவில்லை. அவ்வெழுத்தறிவு வீணாயிற்று என்று எவரும் சொல்லார். பாட்டியின் கடிதத்தை வாசிக்க அது போதுமானதாயிருந்தது.

இவ்வொழுங்கை அங்காராவிலுள்ள பொறியியலாளருக்குப் பரிந்துரைத்தால் அவர் என்ன சொல்வார்? மகள் கிழமை நாட்களிற் துருக்கியப் பாடசாலைக்கும் சனிக்கிழமைகளில் ஜேர்மன் வகுப்புக்கும் செல்லட்டும் என்றால், துருக்கியச் சான்றிதழ் ஸ்ருட்காட்டிற் செல்லாது என்பார். அது உண்மையே. அவருக்கு அப்பாடசாலையை மறுக்கவேண்டும் என்பதும் எமது வாதமன்று. ஆனால் மூன்றாண்டு கழித்து அவர் ஊர் மீண்டபின், தம் தெருவில் இருக்கும் துருக்கியக் குடும்பம் தன் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை கேட்கும்போது அவர் யாது கூறுகின்றார் என்பதைக் கொண்டே, அங்காராவில் அவர் கோரியது உரிமையா, சலுகையா என்பதை நாம் அறியவேண்டியவராவோம்.