மரித்தவருக்கு இட்ட வாக்கு

1956ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் தென்கொரியாவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. எண்ணி முடித்தபோது சுமார் 18 இலட்சம் வாக்குகள் செல்லாதவை எனத் தள்ளப்பட்டன. அவற்றுள் மிகப் பல, பத்து நாட்களுக்கு முன் மரித்துவிட்ட ஒருவருக்கு மக்கள் அறிந்தே இட்டவையாகும். எதிர்க்கட்சி வேட்பாளர் ஷின் இக்-ஹீ, பிரசாரத்துக்காக இரயிலில் செல்கையில் மே 5ஆம் நாள் உயிர் நீத்திருந்தார். பதவியிலிருந்த சிங்மன் ரீ வெற்றி பெற்றார்.

இறந்தவர் ஆள வரமாட்டார் என்பதை அம்மக்கள் அறியாதவர்களா? அறிவார்கள். பின் எதற்காக அந்த வாக்கு? இதற்கு விடை காண, வாக்கு என்பது யாது என முதலில் தெளிய வேண்டும்.

நம் நீதிமன்றங்களில் வழங்கும் வக்கீல், வக்காலத்து ஆகிய சொற்கள் அரபி மொழியின் கொடை. தம் காரியத்தை நடத்தித்தர ஒருவர் மற்றொருவரை நியமிப்பதே வக்காலத்து. நியமிக்கப்பட்டவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. வாக்கு வெறும் வக்காலத்தே எனில், ஷின்னுக்கு இட்டவை யாவும் வீணே.

ஆயினும் வாக்குக்கு மற்றொரு தன்மையும் உண்டு. அது சாட்சியம். 'நாடு இவ்வழியில் செல்வதே நன்று' என வாக்காளர் தம் உள்ளமறியச் சொல்லும் சொல் அது. யாரைப் பற்றிச் சாட்சி சொன்னோமோ அவர் மறைந்ததனால் நம் சாட்சி பொய்யாகிவிடுமா?

உலகச் சட்டங்கள் இவ்விரு கருத்துக்களுக்கும் இடையே நிற்கின்றன. 1872இல் அமெரிக்காவில் ஹொரேஸ் கிரீலி, மக்கள் வாக்களித்த பின், தேர்வாளர்கள் கூடுமுன் இறந்தார். அப்படியும் மூன்று தேர்வாளர்கள் அவருக்கே வாக்களித்தனர். அவற்றை எண்ண நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. வக்காலத்து முடிந்தது என்பதே அதன் பொருள். பிரான்சோ 1976இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, முதற்சுற்றுக்கு முன் வேட்பாளர் ஒருவர் இறந்தால் தேர்தலைத் தள்ளிவைக்க வழி செய்தது.

கொலைகாரனின் கைக்குத் தேர்தல் நாளை மாற்றும் வல்லமையைத் தரலாமா என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1994 அக்டோபர் 24இல் இலங்கையில் காமினி திசாநாயக்க குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவர் கட்சி அவருடைய மனைவி சிறிமாவை நிறுத்தியது; நவம்பர் 9இல் தேர்தல் நடந்தது. அவர் தோற்றார், எனினும் அக்கட்சியை நாடியவர்கள் தம் சாட்சியத்தைச் செல்லும் வாக்காகவே பதிய முடிந்தது.

இவ்வாய்ப்பு இல்லாவிடில் நேர்வது என்ன? மீண்டும் கொரியாவையே பாருங்கள். 1960 பிப்ரவரி 15இல் எதிர்க்கட்சி வேட்பாளர் சோ பியோங்-ஓக் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இறந்தார். மார்ச் 15இல் தேர்தல் நடந்தது. ரீ எதிர்ப்பின்றித் தலைவரானார். அதே நாளில் நடந்த துணைத் தலைவர் தேர்தலிலோ பெரும் மோசடி நிகழ்ந்தது. பெட்டியில் இடம் பெறாத சாட்சியம் வீதிக்கு வந்தது. பலர் உயிரிழந்த பின், ஏப்ரல் 26இல் ரீ பதவி விலகுவதாக அறிவித்தார்.

வேட்பாளர் என்பவர் மக்களின் விருப்பத்தைச் சுமந்து வரும் கலம். கலம் உடையலாம், அதனால் நீருக்குரியவரின் தாகம் தீர்ந்துவிடுவதில்லை. வேறொரு கலம் தருவதோ, அது வரும்வரை காத்திருப்பதோ சட்டத்தின் கடமை. மௌத்தின் வேளையை நிர்ணயிப்பது மனிதர் கையில் இல்லை. அதன் பின்னும் உயிரோடிருப்பவர்களின் சாட்சியத்தைக் கேட்பது நம் கையில்தான் இருக்கிறது.