கதவைத் தட்டக் காசு

"உங்க நாட்டுல வந்து படிக்கலாமா?" என்று ஒரு அரசாங்கத்தைக் கேட்பதற்கே காசு கட்ட வேண்டும். "வா" என்றாலும் காசு. "வராதே" என்றாலும் அதே காசு. இதைச் செலவுக் கணக்காகப் பேசி முடித்துவிடுகிறார்கள். நமக்கோ இது அறம் பற்றிய கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிரிட்டன் தன் மாணவர் விசாக் கட்டணத்தை 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆக்கியது. ஏறத்தாழ 60,000 ரூபாய். மருத்துவ வரி என்று ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. ஆஸ்திரேலியா 710 டாலராக இருந்ததை 2024 ஜூலையில் 1,600 ஆக்கி, அடுத்த ஜூலையில் 2,000 ஆக்கியது. நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். விசா மறுக்கப்பட்டால் பிரிட்டனில் மருத்துவ வரி திரும்பி வரும். விசாக் கட்டணம் வராது. ஆஸ்திரேலியாவிலும் போனது போனதுதான்.

அவர்கள் தரப்பு நியாயம் இது: மனுவைப் படிக்க ஆள் வேண்டும், அலுவலகம் வேண்டும், அந்தச் செலவை உள்ளூர்க்காரன் ஏன் சுமக்க வேண்டும்? சரி. செய்த வேலைக்குக் கூலி கேட்பதை, கூலிக்காகப் போராடிய சனம் தப்பென்று சொல்லாது. ஆனால் பிரிட்டனில் 2014ஆம் ஆண்டுச் சட்டமே, விசாவால் வருகிறவனுக்குக் கிடைக்கும் பலனையும் சேர்த்து விலை வைக்க இடம் தருகிறது. பலனுக்கு விலை என்றால், பலனே கிடைக்காமல் மறுக்கப்பட்டவன் எதற்காகக் கொடுக்க வேண்டும்? தோணிரேவில் இந்தக் கணக்கைச் சொன்னபோது ஒரு அம்மா கேட்டார்கள்: "இல்லன்னு சொல்றதுக்குமா துட்டு? நம்ம ஊருல இல்லன்னு சும்மாவே சொல்வாங்களேப்பா!" சட்டம் படித்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அடுத்தது, "எல்லோருக்கும் ஒரே கட்டணம்" என்கிற சமத்துவம். பழவேற்காடு ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவருக்கும், அண்ணா நகரில் மூன்று வீட்டு வாடகை வாங்குகிறவருக்கும் ஒரே 60,000. ஒருவருக்கு அது ஒரு மாத வாடகை. இன்னொருவருக்குத் தோடு, மூக்குத்தி, அதற்கு மேல் வட்டி. எண் ஒன்றுதான். எடை ஒன்றா? தூக்குகிற தோளைப் பார்க்காமல் எடை போடுகிற தராசை நாம் சமத்துவம் என்று ஒத்துக்கொள்ள முடியாது.

இந்த ஏரியிலேயே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது நேர்மையான பங்கீடு. அந்தச் சாதியில் பிறக்காதவர் பெயர் சீட்டிலேயே வராது. சாதி வெளிப்படையாகச் சொல்கிறது: நீ வராதே. கட்டணம் அப்படிச் சொல்லாது. யார் வேண்டுமானாலும் வரலாம், காசை வைத்துவிட்டு வா என்கிறது. வெளியே நிற்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். அங்கே அதிகம் நிற்பது யார்?

கடல் நமக்குப் புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் இதே பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கம்பெனிக்காரன் பஞ்சத்தில் அடிபட்ட சனங்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினான். அவர்களிடம் யாரும் விசாக் கட்டணம் கேட்கவில்லை! பிறகு இலங்கைத் தோட்டத்துக்குப் போன சனங்களுக்கு வழிச்செலவையே கடனாக எழுதி, அந்தக் கடனை ஒரு 'துண்டு'ச் சீட்டில் குறித்து, அதைக் கொண்டே கட்டிப்போட்டார்கள். உடம்பு தேவைப்பட்டபோது கதவு திறந்து கிடந்தது. அறிவைத் தேடிப் போகும்போதுதான் வாசலில் உண்டியல்.

விலக்குத் தரவே முடியாது என்பதும் பொய். நம் நாட்டில் யுபிஎஸ்சி தேர்வுக்குத் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பெண்களும் கட்டணம் கட்டுவதில்லை. ஆஸ்திரேலியா 2025இல் கட்டணத்தை ஏற்றியபோது பசிபிக் தீவு மாணவர்களையும் கிழக்குத் திமோர் மாணவர்களையும் அந்த ஏற்றத்திலிருந்து விலக்கியது. ஜெர்மனி தன் அரசு உதவித்தொகை பெறுகிறவர்களிடம் விசாக் கட்டணம் வாங்குவதில்லை. மனம் இருந்தால் ஏற்றத்தாழ்வு அரசுகளின் கண்ணுக்குத் தெரிகிறது.

"நம் அரசுதான் உதவித்தொகை தருகிறதே" என்பார்கள். தேசிய அயலக உதவித்தொகை விசாக் கட்டணத்தையும் ஏற்கிறது, உண்மைதான். இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடம். 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி நிதிக்காகக் காத்திருக்குமா? அந்தப் பட்டியலில் இல்லாத பிள்ளை யாரிடம் போவது?

நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: "மலக்குழியில் ஆளு செத்துக்கிட்டிருக்கான், உனக்கு விசா ஒரு பிரச்சினையா?" கோபம் நியாயமானது. ஆனால் நம் பிள்ளைக்கு எல்லை பொன்னேரி அரசுக் கல்லூரியோடு சரி என்று கோடு போட்டது யார்? நாமே அந்தக் கோட்டைக் காவல் காக்க வேண்டுமா? 1913இல் பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரை பவுண்டுதான் அம்பேத்கரைக் கொலம்பியாவுக்குக் கொண்டுபோனது. அந்த உதவி முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சேமித்தும் கடன் வாங்கியும் 1920இல் மறுபடி போனார். அவர் அப்படிப் போகாமல் இருந்திருந்தால் மலக்குழியைப் பற்றிப் பேசவே நமக்கு எவ்வளவு சட்டம் இருந்திருக்கும்? இரண்டு போராட்டமும் ஒரே போராட்டந்தான்.

ஆகவே கேட்போம். மனுவைப் படிக்கிற செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்காதே. மறுத்தால் செலவு போக மீதியைத் திருப்பிக் கொடு. ஏழை மாணவரிடம் வாங்காதே. நம் அரசுகளே, கட்டணத்தைப் பிறகு தருகிறோம் என்று ரசீது கேட்காதீர்கள். கட்ட வேண்டிய நாளுக்கு முன்னால் கொடுங்கள். ரசீது வாங்குவதற்கே முதலில் காசு வேண்டும். அது இல்லை என்றுதானே உங்களிடம் வருகிறோம்?